பசியும் உள்ளமும்: மினசோட்டா ஆய்வும் உணவு நோய்களின் வரலாறும்

1. தோற்றுவாய்

உள்ளம் நலிந்தமையால் ஒருவர் உண்ணாது விடுகின்றாரா, உண்ணாமையால் அவர் உள்ளம் நலிகின்றதா என்னும் வினா மருத்துவ வரலாற்றில் நெடுங்காலம் தெளிந்த விடையின்றி இருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், உணவை மறுத்து உடல் மெலிந்த இளம்பெண்களைக் கண்ட ஐரோப்பிய மருத்துவர் முன்னதையே விடையாகக் கொண்டனர். உள்ளத்தின் திரிபே நோய். மெலிவு அதன் விளைவு என்பது அவர்தம் கொள்கை. 1944, 1945ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஐக்கிய நாட்டின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் நடைபெற்ற ஆய்வு ஒன்று இக்கொள்கையின் ஒரு பகுதியைத் திருத்திற்று.

அவ்வாய்வு உணவு நோய்களை ஆராய எழுந்ததன்று. போரினால் பட்டினியுற்ற மக்களுக்கு மீண்டும் உணவளித்து உடலைத் தேற்றும் முறையை அறிவதே அதன் நோக்கம். எனினும், நோயாளியின் இயல்பு என்று கருதப்பட்டு வந்தவற்றுள் பல பசியின் விளைவே என்பதை அது புலப்படுத்திற்று. இவ்வுண்மை அறியப்பட்ட வரலாற்றையும், அதன் பயனையும், அதன் எல்லையையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. காரியத்தைக் காரணமாக மாறிக் கொள்ளுமிடத்துத் துன்புறுவார்மேலேயே பழி சுமத்தும் நிலை உண்டாகின்றது. பிடிவாதம், தன்னலம், உற்றார்மேல் அன்பின்மை என்றெல்லாம் நோயாளியின் குணம் குறை கூறப்படுகின்றது. அக்குறை அவருடையதா, பசியினுடையதா என்று பிரித்தறிதல் அறத்தின்பாற்பட்ட செயலுமாம்.

2. பெயரும் பொருளும்

இந்நோய்களின் பெயர்களை முதற்கண் நோக்குதல் தகும். உணவை மறுத்து மெலியும் நோய்க்கு மேலைநாட்டார் 'அனோரெக்சியா நெர்வோசா' என்று பெயரிட்டனர். கிரேக்க மொழியில் 'ஒரெக்சிஸ்' என்பது வேட்கை. 'அன்' என்பது எதிர்மறை முன்னொட்டு. ஆகவே, நரம்பைச் சார்ந்த உணவு வேட்கையின்மை என்பது இத்தொடரின் பொருள். ஆயின், இப்பெயர் நோயின் தன்மையோடு முற்றும் பொருந்துவதன்று. இந்நோயாளர் பலர் பசியை உணர்கின்றனர், உணவைப் பற்றியே இடையறாது எண்ணுகின்றனர், உண்ணுதற்கு அஞ்சுகின்றனர். வேட்கையின்மை என்னும் பெயர் பழைய மருத்துவர் புறத்தே கண்டதைக் கொண்டு இட்டதாகும்.

பெருமளவு உண்டு, பின் வாந்தி முதலியவற்றால் அதனை வெளிப்படுத்தும் நோய்க்கு 'புலிமியா நெர்வோசா' என்பது பெயர். கிரேக்கத்தில் 'பூஸ்' என்பது எருது; 'லிமோஸ்' என்பது பசி. எருதுப் பசி என்பது அப்பெயரின் பழம்பொருள். அடங்காப் பசிக்கு மணிமேகலை வழங்கும் யானைத்தீ என்னும் பெயர் இவ்விடத்து நினைவுக்கு வரும். ஒரு மொழி எருதையும் ஒரு மொழி யானையையும் கொண்டு பெரும்பசியைக் குறித்தன. இவ்வொப்புமை பெயரளவினதே. முனிவன் சாபத்தால் 12 ஆண்டு யானைத்தீ நோயுற்று, அமுதசுரபியின் உணவால் அது தீரப்பெற்ற காயசண்டிகையின் கதையை இக்கால நோய்ப் பெயர் ஒன்றனுள் அடக்க முயல்வது காலமுரண் என்னும் குற்றத்தின்பாற்படும்.

எனினும், ஒரு கருத்து நோக்கத்தக்கது. தமிழ் பசியைப் 'பிணி' என்று கூறுகின்றது. குடிமையும் கல்வியும் நாணமும் பசியின் முன் நில்லா என்பது சாத்தனார் கருத்து. பசி உடலை மட்டுமன்றி ஒழுகலாற்றையும் உள்ளத்தையும் மாற்றவல்லது என்னும் அறிவு இதன்கண் உள்ளது. இவ்வறிவை அளவிட்டு நிறுவும் வாய்ப்பே 20ஆம் நூற்றாண்டில் வாய்த்தது.

3. பழைய பதிவுகள்

1689இல் ரிச்சர்டு மார்ட்டன் என்னும் ஆங்கில மருத்துவர் இலத்தீனில் இயற்றிய நூலில், காய்ச்சலோ இருமலோ இன்றி உடல் தேய்ந்த 18 வயதுப் பெண் ஒருத்தியையும் 16 வயது இளைஞன் ஒருவனையும் பற்றிக் குறித்துள்ளார். இந்நோயைப் பற்றிய தொடக்கக்கால மருத்துவக் குறிப்புகளுள் இது தலையாயதாகக் கருதப்படுகின்றது. துயரமும் கவலையுமே இந்நோய்க்குக் காரணம் என்பது அவர் முடிபு.

1873இல் பாரிசில் சார்லசு லாசேக் தாம் கண்ட 8 நோயாளரைக் கொண்டு இந்நோயை விரித்துரைத்தார். அதே ஆண்டில் இலண்டனில் வில்லியம் கல் இதனைப் பற்றி உரை நிகழ்த்தினார். அனோரெக்சியா நெர்வோசா என்னும் பெயரோடு அவ்வுரை 1874இல் அச்சாயிற்று. இருவரும் நுணுகி நோக்கும் திறன் வாய்ந்தவர். நோயாளியின் நலிந்த உடலுக்கும் அவளுடைய ஓயாத நடமாட்டத்துக்கும் உள்ள முரணைக் கல் கண்டார். தன் நிலை குறித்து நோயாளி கவலையின்றி இருத்தலை லாசேக் கண்டார். ஆயின், காரணம் கூறுமிடத்து இருவரும் உள்ளத்தின் திரிபையே முதன்மையாகக் கூறினர். பசித்த உடல் உள்ளத்தை எவ்வளவு மாற்றும் என்பதைத் தனியே பிரித்துக் காண அவர்களுக்கு வழி இருந்ததில்லை. அவர்களிடம் வந்தோர் அனைவரும் முன்னரே மெலிந்தவர். மெலியுமுன் அவர்தம் உள்ளம் எவ்வாறு இருந்தது என்பதை அளந்தார் எவருமிலர்.

மருத்துவத்தில் மட்டும் கல் இவ்வெல்லையைக் கடந்து நின்றார் எனலாம். நோயாளியின் விருப்பத்தை நோக்காது குறித்த இடைவெளியில் உணவூட்டுதல் வேண்டும் என்றும், உற்றாரினும் பிறரே அப்பணிக்கு ஏற்றவர் என்றும் அவர் வற்புறுத்தினார். அதன்பின், 1914இல் ஹாம்பர்க் நகரத்து மோரிசு சிம்மண்ட்ஸ் மூளையடிச் சுரப்பியின் அழிவால் உடல் தேயும் நோயொன்றை விளக்கினார். அதனால் உணவு மறுக்கும் நோயும் சுரப்பி நோயே என்று பலரும் மயங்கினர். இம்மயக்கம் நீங்கப் பல ஆண்டுகள் சென்றன. இவ்வாறு உள்ளமே காரணம் என்பதும் உடலே காரணம் என்பதும் ஆகிய இரு முனைகளுக்கிடையே கருத்து மாறிக் கொண்டிருந்தது.

4. மினசோட்டா ஆய்வு

இரண்டாம் உலகப்போர் பட்டினியைப் பெருந்திரளான மக்களின் அனுபவமாக்கிற்று. 1942இல் வார்சா நகரின் யூதச் சேரியில் அடைபட்டிருந்த மருத்துவர், தாமும் பசியால் வாடிக்கொண்டே, இஸ்ரேல் மிலெய்கோவ்ஸ்கி என்பவர் தலைமையில் பசியின் உடல் விளைவுகளை ஆராய்ந்து எழுதினர். அவருள் பலர் கொல்லப்பட்டனர். அவர்தம் ஏடுகள் தப்பி 1946இல் நூலாயின. லெனின்கிராடு முற்றுகையும், 1944-45ஆம் ஆண்டு மாரிக்காலத்து நெதர்லாந்துப் பஞ்சமும் இக்காலத்தனவே.

இச்சூழலில் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தின் உடலியல் ஆய்வகத் தலைவர் ஆன்செல் கீஸ் ஓர் ஆய்வைத் தொடங்கினார். உளநூல் பகுதிக்கு யோசெப் புரோசெக் பொறுப்பேற்றார். பல்கலைக்கழக விளையாட்டரங்கின் அடியில் அமைந்திருந்த அறைகளே ஆய்வகம். ஆய்வுக்கு உடன்பட்டவர் 36 இளைஞர். போரில் ஆயுதம் ஏந்துதல் தம் மனச்சான்றுக்கு ஒவ்வாது என மறுத்து, அதற்கு ஈடாகப் பொதுப்பணி செய்ய முன்வந்தவர் இவர். பிறர் பசி தீரும் வழியை அறிதற்பொருட்டுத் தாம் பசித்திருக்க இசைந்தனர். உடலும் உள்ளமும் நலமுடையார் என்று தேர்ந்த பின்னரே இவர்கள் ஏற்றுக்கொள்ளப்பட்டனர் என்பது மிகவும் இன்றியமையாத செய்தி.

ஆய்வு 1944 நவம்பர் 19இல் தொடங்கிற்று. முதல் 12 வாரமும் இயல்பான உணவு தரப்பெற்றது. அக்காலத்தில் ஒவ்வொருவரின் உடல்நிலையும் உளநிலையும் அளந்து குறிக்கப்பட்டன. கல்லுக்கும் லாசேக்குக்கும் கிட்டாத 'முன்னிலை அளவு' இதுவேயாம். 1945 பிப்ரவரி 12 முதல் 24 வாரம் அரைப்பட்டினி. நாளொன்றுக்கு இருவேளை உணவு. உருளைக்கிழங்கு, கிழங்குவகை, ரொட்டி, மாக்கரோனி முதலியன போர்க்கால ஐரோப்பிய உணவை ஒத்து அமைந்தன. சராசரி அளவு ஏறத்தாழ 1,570 கலோரி. இதனோடு வாரத்துக்கு 22 மைல் நடத்தல் வேண்டும். பட்டினிக் காலம் முடிவுறும்போது உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஜூலை இறுதி முதல் 12 வாரம் அளவிட்ட மீட்புணவு. அதன்பின் 12 பேர் மட்டும் மேலும் 8 வாரம் தங்கி, வேண்டியவாறு உண்டு ஆராயப்பட்டனர்.

5. பசித்த உள்ளம்

உடலில் நிகழ்ந்த மாற்றங்கள் ஒருவாறு எதிர்பார்க்கப்பட்டவை: நாடித்துடிப்புத் தாழ்ந்தது, குளிர் பொறுக்க இயலவில்லை, கால்கள் வீங்கின. உள்ளத்தில் நிகழ்ந்தவையே ஆய்வாளரை வியப்பில் ஆழ்த்தின.

முதலாவது, எண்ணம் முழுதும் உணவைப் பற்றியதாயிற்று. முன்னர்ச் சமையலில் நாட்டமில்லாதவர் சமையல் நூல்களைத் திரட்டிப் படிக்கலாயினர். உண்ணும் முறையும் மாறிற்று. சிலர் சிறிதளவு உணவை நெடுநேரம் நீட்டித்து உண்டனர், உணவை நீர் கலந்து பெருக்கினர், தட்டை நக்கினர். காப்பியும் மெல்லும் பிசினும் அளவு கடந்தன; அவற்றுக்கு வரம்பு கட்ட நேர்ந்தது. இரண்டாவது, பிறரோடு பழகும் விருப்பம் குன்றிற்று. நகைச்சுவை மறைந்தது, காம உணர்வு அவிந்தது. அயல்நாட்டு நிவாரணப் பணிக்கென அவர்களே ஆர்வத்தோடு தொடங்கிய வகுப்புகளும் நின்றன. மூன்றாவது, சோர்வும் எரிச்சலும் மிகுந்தன. சிலர் விதியை மறைவாக மீறி உண்டு, பின் தம்மைத் தாமே கடிந்து வருந்தினர். இதனால், துணையின்றி எவரும் வெளிச்செல்லலாகாது என்னும் விதி பிறந்தது. உளநிலை குலைந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்டவரும் உளர். நால்வரின் பதிவுகள் ஆய்வினின்று நீக்கப்பட்டன. 32 பேர் முடிவுவரை நின்றனர்.

இவை நோக்கியறிந்தவை மட்டுமல்ல, அளந்தறிந்தவையும் ஆம். அதே பல்கலைக்கழகத்தில் ஹாத்தவே, மெக்கின்லி என்னும் இருவர் ஆக்கிய ஆளுமை வினாப்பட்டியைக் கொண்டு இவர்தம் உளநிலை சோதிக்கப்பட்டது. சோர்வு, உடல்நோய் பற்றிய மிகைக்கவலை முதலியவற்றைக் காட்டும் அளவுகள் பட்டினிக் காலத்தில் உயர்ந்தன. தெரிந்தெடுத்த நலமுடையார், உளநோயாளரை ஒத்த விடைகளைத் தந்தனர். இதனை ஆய்வாளர் அரைப்பட்டினியால் விளையும் உளநோய் என்றே குறித்தனர். சிந்தனை ஒருமுகப்படவில்லை என்று பலரும் முறையிட்டனராயினும், அறிவுத்திறன் சோதனைகளில் குறிக்கத்தக்க வீழ்ச்சி காணப்படவில்லை. பசி அறிவை அழிப்பதன்முன் விருப்பத்தையும் உணர்ச்சியையும் அழிக்கின்றது என்று இதனாற் கொள்ளலாம்.

6. மீட்புணவுக் காலம்

உணவு மீண்டதும் உள்ளமும் உடனே மீளும் என்று எதிர்பார்த்தனர். அங்ஙனம் நிகழவில்லை. மீட்புணவின் முதல் வாரங்களில் சிலருடைய சோர்வு முன்னினும் மிகுந்தது. ஒருவர் கோடரியால் தம் கைவிரல் மூன்றைத் துணித்துக் கொண்டார்; அது தற்செயலோ வேண்டிச் செய்ததோ என்று அவரே பின்னர்த் தெளிவாகக் கூறவியலாதவராயிருந்தார். உணவின் கட்டு நீங்கிய பின்னர்ப் பலர் வயிறு நிறைந்த பின்னும் பசி தீராது உண்டனர். நாளொன்றுக்கு 5,000 கலோரிக்கு மேல் உண்டவரும் அவருள் உளர். உடலின் கொழுப்பு முன்னிருந்த அளவையும் கடந்து பின் மெல்லத் தணிந்தது. உயிர்ச்சத்து மருந்துகளையும் புரதத்தையும் கூட்டியதால் சிறந்த பயன் விளையவில்லை. போதிய அளவு உணவே மீட்சி தந்தது.

ஐரோப்பியப் போர் 1945 மே திங்களிலேயே முடிந்துவிட்டமையின், முழு முடிவுகள் உரிய காலத்துக்கு உதவவில்லை. 1946இல் கட்ஸ்கோ, போமன் என்னும் இருவர் நிவாரணப் பணியாளர்க்கு உளநூல் கையேடு ஒன்றை வெளியிட்டனர். 1950இல் ஆய்வின் பெருநூல் இரு தொகுதிகளாக, 1,300 பக்கங்களுக்கு மேல், வெளிவந்தது.

7. காரணமும் காரியமும்

இந்நூலின் பயன் உணவு நோய் ஆராய்ச்சியில் உணரப்படச் சில பதிற்றாண்டுகள் சென்றன. செருமனியில் பிறந்து 1933இல் அந்நாட்டை நீங்கிய ஹில்டே புரூக், 1962இல் உணவு மறுக்கும் நோயின் மூன்று கூறுகளை விளக்கினார்: தன் உடலுருவைத் தவறாக உணர்தல், பசி முதலிய உள்ளுணர்வுகளை இனங்காணாமை, தன்னால் எதுவும் ஆகாது என்னும் ஆழ்ந்த உணர்வு. உள்ளத்தை இவ்வளவு நுணுகி ஆராய்ந்த அவரும், பட்டினியின் விளைவுகள் நீங்குமுன் உளமருத்துவம் பயன்படாது என்று பிற்கால எழுத்துகளில் வற்புறுத்தினார்.

1975இல் ஹெர்மன், மேக் என்னும் இருவர் கல்லூரிப் பெண்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தினர். சிலர்க்கு முதலில் இனிப்புப் பால் கொடுத்து, பின்னர் அனைவரையும் பனிக்கூழைச் சுவைத்து மதிப்பிடுமாறு வேண்டினர். இயல்பாக உண்போர் பால் பருகிய அளவுக்குப் பனிக்கூழைக் குறைத்துக் கொண்டனர். உணவைக் கட்டுப்படுத்தி வாழ்வோரோ பால் பருகியபின் மிகுதியாக உண்டனர். கட்டுத் தளர்ந்த இடத்துப் பசி கரை கடக்கின்றது. மினசோட்டா இளைஞர் மீட்புக் காலத்தில் உண்ட முறைக்கும் இதற்கும் உள்ள உறவு வெளிப்படை. 1985இல் பாலிவியும் ஹெர்மனும் உணவுக் கட்டுப்பாடே பெருந்தீனிக்கு வழிவகுக்கின்றது என்று இதனைக் காரண முறையில் நிறுவ முயன்றனர். இதற்கிடையே, 1979இல் இலண்டனில் ஜெரால்டு ரசல் 30 நோயாளரைக் கொண்டு புலிமியா நெர்வோசாவை விளக்கியிருந்தார். 1981இல் ஆக்ஸ்போர்டில் கிறிஸ்டோபர் ஃபேர்பர்ன் இந்நோய்க்கு வகுத்த உளமருத்துவ முறை, நாள்தோறும் தவறாது வேளைக்கு உண்ணும் ஒழுங்கை அடிப்படையாகக் கொண்டது. 1980களில் டேவிட் கார்னர் முதலியோர் மினசோட்டா முடிவுகளை நோயாளர்க்கே விளக்கிக் கூறுவதை மருத்துவத்தின் ஒரு பகுதியாக்கினர்.

இவ்விளக்கத்தின் பயன் யாது? உணவை ஒளித்து வைத்தல், துண்டு துண்டாக நறுக்கி நீட்டித்து உண்ணுதல், பிறர்க்குச் சமைப்பதில் மிகுவிருப்பம், தனிமை, எரிச்சல் ஆகியவற்றை நோயாளியின் குணக்கேடு என்றே குடும்பத்தாரும் நோயாளியும் எண்ணியிருந்தனர். நலமுடைய இளைஞர்க்கும் 24 வாரப் பட்டினி இவற்றை ஒத்தனவற்றைத் தந்தது என்று அறிந்தபோது, குற்றத்தின் சுமை குறைகின்றது. உண்ணுதல் தண்டனையாகாமல் மருந்தாகின்றது.

8. ஆய்வின் எல்லை

எனினும், இதனை மிகைபடக் கூறுதல் தகாது. மினசோட்டா இளைஞர் உணவை வேண்டினர். கிடைத்தபோது மகிழ்ந்து உண்டனர். உணவு மறுக்கும் நோயாளியோ எடை கூடுதற்கு அஞ்சுகின்றார். இளைஞர் சோர்ந்து அசைவு குறைந்தனர். கல் கண்ட நோயாளி ஓயாது நடந்தாள். இளைஞர்க்குப் பட்டினியின் முடிவு நாள் தெரியும். நோயாளிக்கு அஃது இல்லை. அவர் அனைவரும் ஆடவர். நோயாளருள் பெரும்பாலார் பெண்டிர். ஆதலின், நோய் ஏன் தொடங்குகின்றது என்பதற்கு இவ்வாய்வு விடையாகாது. தொடங்கிய நோய் ஏன் விடாது நிலைபெறுகின்றது என்பதற்கே ஒரு விடையாகும். தோற்றத்தின் காரணம் வேறு. நிலைபேற்றின் காரணம் வேறு.

தோற்றக் காரணத்தைத் தேடும் ஆராய்ச்சி வேறு வழியிற் செல்கின்றது. 2019இல் வெளிவந்த மரபணு ஆய்வு ஒன்று, ஏறத்தாழ 17,000 நோயாளரை ஆராய்ந்து, உணவு மறுக்கும் நோயோடு தொடர்புடைய 8 மரபணு இடங்களைக் கண்டது. இவை உளநோய்களோடு மட்டுமன்றி உடலின் வளர்சிதை மாற்றத்தோடும் உறவுடையன என்று அவ்வாய்வாளர் கூறினர். உள்ளமா உடலா என்று ஒன்றைத் தெரிந்தெடுக்குமாறு கேட்ட பழைய வினாவே பிழையுடையது போலும்.

9. முடிவுரை

2003, 2004ஆம் ஆண்டுகளில், அப்போது உயிரோடிருந்த ஆய்வுப் பங்காளருள் 18 பேரை லியா கால்ம், ரிச்சர்டு செம்பா என்னும் ஆய்வாளர் நேர்கண்டனர். முதுமையடைந்த அவர்கள், தாம் செய்ததைத் தம் வாழ்வின் சிறந்த பணிகளுள் ஒன்றாகவே மதித்தனர். முழுமையாகத் தேறுதற்கு இரண்டு திங்கள் முதல் இரண்டு ஆண்டு வரை ஆயிற்று என்றும் கூறினர். இத்தகைய ஆய்வை மீண்டும் நடத்த இக்கால ஆய்வறம் இடந்தாராது. ஆதலின், அப்பதிவுகள் ஈடற்றவை.

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன: உணவு நோயாளரிடம் காணப்படும் உள மாற்றங்களுள் ஒரு பகுதி நோய்க்குக் காரணமன்று, பசியின் காரியம், அப்பகுதி போதிய உணவாலன்றி நீங்காது, அது நீங்கிய பின்னரே எஞ்சிய துன்பம், அந்நோயாளர்க்கே உரியது, தெளிவாகப் புலப்படும். உள்ளத்தை ஆராய்வார் முதற்கண் அவர் உண்டாரா என்று வினவுதல் வேண்டும். பசியைப் பிணி என்று வழங்கும் மொழியினர்க்கு இவ்வுண்மை புதிதன்று. ஆயினும், அப்பிணியுற்றாரைப் பழிக்காதிருத்தல் எக்காலத்தும் புதிதாகக் கற்க வேண்டுவதொன்றாகவே உள்ளது.